ஓர் ஆன்டெனா, இரண்டு ரிசீவர், இரண்டு அலைவரிசை: எந்த டிவைடரைச் செய்வது?

நெல்லைப் பக்கத்துக் கல்லூரிகளில் கம்யூனிகேஷன் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வது ஒன்று: சாட்டிலைட் சிக்னலை வைத்து ஏதாவது செய்ய ஆசை இருந்தால் நம் ஊரைவிட நல்ல இடம் தேடிப் போக வேண்டாம். பூமியின் காந்த நடுக்கோடு நமக்கு மிக அருகில் போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்து அயனி மண்டலத்தை, அதாவது வானில் உயரே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கை, கவனித்து வருவதும் அதனால்தான். பொழுது சாய்ந்த பிறகு, அதிலும் பங்குனி, புரட்டாசி வாக்கில், அந்த மண்டலத்தில் பெரிய பெரிய குமிழிகள் கிளம்பி மேலே ஏறும். அவற்றைக் கடந்து வரும் சிக்னல் நடுங்கும், சில சமயம் அறுந்தே போகும்.

நம் நாட்டின் வழிகாட்டிச் சாட்டிலைட் அமைப்பான நேவிக்கின் சாட்டிலைட்டுகள் இதைப் பார்ப்பதற்கென்றே அமைந்ததுபோல இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. எல்5 என்பது 1176.45 மெகாஹெர்ட்ஸ், எஸ் என்பது 2492.028 மெகாஹெர்ட்ஸ். அயனி மண்டலத்தில் ஏற்படும் தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதம். சிக்னல் வரும் வழியிலுள்ள மொத்த எலக்ட்ரான் அளவு ஓர் அலகு (சதுர மீட்டருக்கு 10^16 எலக்ட்ரான்) கூடினால் எல்5-இல் 29 சென்டிமீட்டர் பிழை, எஸ்-இல் ஆறரை சென்டிமீட்டர்தான். இரண்டையும் கழித்துப் பார்த்தால் மேலே எவ்வளவு எலக்ட்ரான் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இனி நம் விஷயம். மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனா. கீழே மேசையில் இரண்டு ரிசீவர். ஒன்று விலைக்கு வாங்கியது, இன்னொன்று நாமே செய்தது. இரண்டும் ஒரே சிக்னலைப் பார்த்தால்தான் ஒப்பிட்டதற்கு அர்த்தம் உண்டு. ஆகவே நடுவில் ஒரு பவர் டிவைடர், அதாவது சிக்னலை இரண்டாகச் சமமாகப் பங்கிடும் சாதனம், வேண்டும், அது இரண்டு அலைவரிசையிலும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். இணையத்தில் தேடினால் இதற்கு நூறு வழி கிடைக்கும், ஒவ்வொன்றும் "புதிய வடிவமைப்பு" என்று சொல்லிக்கொள்ளும். உண்மையில் முடிவெடுக்க வேண்டியது இரண்டு மூன்று வழிகளுக்கு இடையில்தான்.

முதலில் கழித்துக்கட்ட வேண்டியவை. வெறும் டி இணைப்பு வேண்டாம். ஒரு ரிசீவரைக் கழற்றினால் இன்னொன்றின் அளவீடு மாறிவிடும். மூன்று 16.7 ஓம் ரெசிஸ்டரை நட்சத்திரமாக இணைக்கும் வழி மலிவு, எந்த அதிர்வெண்ணிலும் வேலை செய்யும். ஆனால் 6 டெசிபெல் இழப்பு, ஐசொலேஷனும் (ஒரு வெளியீட்டிலிருந்து மற்றதற்குச் சிக்னல் கசியாமல் தடுக்கும் அளவு) அதே 6 டெசிபெல்தான். தவிர, மாடியிலுள்ள ஆன்டெனா ஆக்டிவ் வகை என்றால் அதன் ஆம்ப்ளிஃபயருக்கு ரிசீவரிலிருந்து கேபிள் வழியாகவே டிசி போக வேண்டும். 20 மில்லியாம்பியர் இழுத்தால் அந்த ரெசிஸ்டர்களிலேயே கிட்டத்தட்ட 0.67 வோல்ட் கரைந்துவிடும். டிப்ளெக்ஸர் வைத்து இரண்டு அலைவரிசையையும் பிரித்து, தனித்தனி டிவைடரில் பங்கிட்டு, மறுபடி சேர்ப்பது இன்னொரு வழி. ஒரு டிவைடர் செய்யச் சோம்பல்பட்டு ஐந்து பெட்டி செய்கிற கதை அது. பெரிய கம்பெனிகளின் அகலப்பட்டை டிவைடரை விலைக்கு வாங்கலாம். காசு இருந்து நேரம் இல்லாதவர்களுக்கு அதுவே சரி. புராஜெக்ட்டின் நோக்கம் டிவைடரே என்றால் அது உதவாது.

பிறகு நிற்பது வில்கின்சன் குடும்பம். எர்னஸ்ட் வில்கின்சன் 1960-இல் வெளியிட்ட அமைப்பு இது: உள்ளீட்டிலிருந்து 70.7 ஓம் கொண்ட கால் அலை நீளக் கைகள் இரண்டு, வெளியீடுகளுக்கு நடுவே ஒரு 100 ஓம் ரெசிஸ்டர். ஓர் அதிர்வெண்ணில் எல்லாம் கச்சிதம். அதை நம் இரண்டு அலைவரிசைக்கும் நடுவில், அதாவது 1834 மெகாஹெர்ட்ஸில் கால் அலையாக வைத்துவிட்டால் என்ன ஆகும்? கணக்குப் போட்டால் இரண்டு ஓரங்களிலும் உள்ளீட்டு ரிட்டர்ன் லாஸ் (சிக்னல் மோதித் திரும்புவது எவ்வளவு குறைவு என்பதன் அளவு, கூடினால் நல்லது) 14.6 டெசிபெல், ஐசொலேஷன் 14 டெசிபெல் வருகிறது. மோசமில்லை. பலருக்கு இதுவே போதும், அவர்கள் இத்தோடு எழுந்து போய் போர்டு வரையத் தொடங்கலாம். ஆனால் இரண்டு ரிசீவரை ஒப்பிடுகிற வேலையில் 14 டெசிபெல் எனக்குத் திருப்தி தராது. நாமே செய்த ரிசீவரின் உள் ஆசிலேட்டர் பின்னோக்கிக் கசிந்து அடுத்த ரிசீவருக்குள் நுழைவது, ஒன்றின் உள்ளீட்டுப் பொருத்தக் குறை மற்றதன் அளவைக் கலைப்பது, இதெல்லாம் ஐசொலேஷனை நம்பித்தான் இருக்கிறது.

இதற்கு மேல் போக மூன்று வழி.

முதல் வழி, கையை இரண்டு துண்டாக்குவது. 2003-இல் மான்சோன் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டினார். சம நீளமுள்ள இரண்டு லைன் துண்டுகளை அடுத்தடுத்து வைத்து இம்பீடன்ஸை (லைன் அலைக்குக் காட்டும் ஓம் மதிப்பு) சரியாகத் தேர்ந்தெடுத்தால், இரண்டு தன்னிச்சையான அதிர்வெண்களில் முழுப் பொருத்தம் கிடைக்கும். நம் எண்களைப் போட்டுப் பார்ப்போம். அதிர்வெண் விகிதம் 2.118. ஒவ்வொரு துண்டும் 1176.45-இல் 57.7 பாகை நீளம் (ஒரு முழு அலை 360 பாகை). வெளியீட்டை ஒட்டிய துண்டு 63.8 ஓம், உள்ளீட்டை ஒட்டியது 78.4 ஓம். இரண்டும் மைக்ரோஸ்ட்ரிப்பில் (போர்டின் மேல் வரையும் செம்புக் கோடு) சுலபமாக வரையக்கூடிய அகலங்கள்.

பொருத்தம் கிடைத்துவிட்டது, ஐசொலேஷன்? அந்தப் பழைய 100 ஓம் மட்டும் இப்போது போதாது. வெளியீடுகளை எதிரெதிராகத் தூண்டும்போது இந்த இரட்டைத் துண்டுக் கை எல்5-இல் கெபாசிட்டர் போலவும் எஸ்-இல் இண்டக்டர் போலவும் தெரியும். அதை ஈடுகட்ட 100 ஓமுக்கு இணையாக ஓர் இண்டக்டரும் ஒரு கெபாசிட்டரும் வைக்க வேண்டும் (ரெசிஸ்டரோடு இவை சேர்வதால் இதை ஆர்-எல்-சி வழி என்போம்). நமக்கு வரும் மதிப்புகள் 15.5 நானோஹென்றி, 0.56 பிகோஃபாரட். காகிதத்தில் இரண்டு அலைவரிசையிலும் ஐசொலேஷன் முழுமை.

போர்டில்? அரை பிகோஃபாரட் என்பது சால்டர் பேடுகளே வந்து பங்கு கேட்கும் அளவு. 15 நானோஹென்றி சிப் இண்டக்டரின் சுய ஒத்ததிர்வு 4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளேயே 0.1 பிகோஃபாரட் ஒளிந்திருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. 0402 சைஸ் பாகங்களைக் கையால் சால்டர் செய்து, ஒவ்வொரு கெபாசிட்டராக மாற்றி மாற்றிப் பார்க்கிற பொறுமை வேண்டும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நடு அதிர்வெண்ணான 1834 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு கையும் அரை அலை நீளமாகிவிடுவதால், எதிர் தூண்டலில் வெளியீடு நேராகத் தரையோடு ஒட்டியதுபோல ஆகிறது. என்ன ரெசிஸ்டர், என்ன இண்டக்டர் வைத்தாலும் அங்கே பயனில்லை. ஐசொலேஷன் 5 டெசிபெலுக்கு இறங்கிவிடும். 1575.42-இல் கணக்கிட்டால் 8 டெசிபெல் சொச்சம்.

அந்த 1575.42 ஏன் நமக்கு முக்கியம் என்று கேட்கலாம். ஜிபிஎஸ்ஸின் எல்1 அதுதான். 2023 மே 29-இல் ஏவப்பட்ட என்விஎஸ்-01 தொடங்கி நேவிக்கும் அந்த அலைவரிசையில் பேச ஆரம்பித்துவிட்டது. இரண்டு அலைவரிசைக்கென்று கட்டிய டிவைடரில் மூன்றாவது ஒன்று வந்து உட்காரும்போது, அது வேண்டாம் என்று தள்ள யாருக்கும் மனம் வராது.

இரண்டாவது வழி ஸ்டப், அதாவது பிரதான லைனிலிருந்து பக்கவாட்டில் கிளைத்து நிற்கும் லைன் துண்டு. 70.7 ஓம் கால் அலைக் கையை எடுத்துவிட்டு, அதே வேலையை இரண்டு அதிர்வெண்களிலும் செய்யும் பை வடிவத் துண்டை வைப்பது. நடுவில் 83.6 ஓம் லைன், 57.7 பாகை. இரு முனைகளிலும் ஸ்டப்புகள். திறந்த ஸ்டப்பாக அதே நீளத்தில் வைக்க முயன்றால் 210 ஓம் வேண்டியிருக்கும். அவ்வளவு மெல்லிய கோட்டை எந்த போர்டிலும் வரைய முடியாது. ஆகவே இரட்டை நீளமுள்ள, கடைசியில் தரையோடு சேர்த்த ஸ்டப், 63 ஓம். இதில் ஒரு நல்ல விஷயம், பழைய 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றே இரண்டு அலைவரிசையிலும் கச்சிதமாக வேலை செய்கிறது. இண்டக்டரும் கெபாசிட்டரும் தேவையில்லை.

ஆனால் போர்டின் பரப்பைப் பாருங்கள். கைகளைவிட ஸ்டப்புகள் நீளம். தரையிணைப்புக்குத் துளை போட வேண்டும், அந்தத் துளைக்கும் ஒரு இண்டக்டன்ஸ் உண்டு. எல்லாவற்றையும்விட, தரையோடு ஒட்டிய ஸ்டப் டிசியையும் தரையோடு ஒட்டிவிடும்! மாடி ஆன்டெனாவின் ஆம்ப்ளிஃபயருக்குப் போக வேண்டிய மின்சாரம் டிவைடரிலேயே ஷார்ட். ஒவ்வொரு ஸ்டப்பின் முனையிலும் கெபாசிட்டர் வைத்துத் தப்பிக்கலாம்தான். அப்புறம் அந்தக் கெபாசிட்டரின் குணமும் கணக்கில் சேரும். அலைவரிசைக்கு வெளியே வருவதை ஓரளவு தடுக்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இந்த வழியை எடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

மூன்றாவது வழிதான் என் கட்சி. இதற்குப் புதுமை அந்தஸ்து இல்லை என்பதாலோ என்னவோ, பிள்ளைகள் கொண்டுவரும் புராஜெக்ட் திட்டங்களில் இதைப் பார்ப்பது அபூர்வம். சீமோர் கோன் 1968-இல், வில்கின்சன் அமைப்பைப் பல துண்டுகளாக நீட்டி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு ரெசிஸ்டர் வைத்து அகலப்பட்டை டிவைடர் செய்யும் முறையைக் கொடுத்தார். அதில் இரண்டு துண்டு வடிவத்தை எடுத்து, பொருத்தம் முழுமையாகும் இரண்டு புள்ளிகளை நம் எல்5, எஸ் அதிர்வெண்களில் வைத்தால், வருவது அச்சு அசலாக மான்சோனின் அதே துண்டுகள்: 63.8 ஓம், 78.4 ஓம், அதே நீளம். செம்புக் கோடுகளில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் ரெசிஸ்டரில். வெளியீடுகளுக்கு நடுவே 191.7 ஓம், இரு துண்டும் சேரும் இடத்தில் 115.3 ஓம். இவ்வளவுதான். இண்டக்டர் இல்லை, அரை பிகோஃபாரட் இல்லை.

இந்த இரண்டு ரெசிஸ்டரும் தோராயமான ஈடுகட்டல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இழப்பில்லாத லைன் என்று எடுத்துக்கொண்டால் இரண்டு அதிர்வெண்களிலும் ஐசொலேஷன் முழுமையாகவே வருகிறது, ஆர்-எல்-சி வழியில் வருகிற அதே முழுமை. காரணம் எளிது. எதிர் தூண்டலில் வெளியீட்டு அட்மிட்டன்ஸின் (இம்பீடன்ஸின் தலைகீழ்) மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி இரண்டையும் சரிசெய்ய நம் கையில் இரண்டு ரெசிஸ்டர் இருக்கின்றன. எல்5-இல் சரியானால் எஸ்-இல் தானாகச் சரியாகும், ஏனென்றால் லைனின் டேன்ஜென்ட் அங்கே குறி மட்டும் மாறுகிறது. ரெசிஸ்டருக்கு அந்தக் குறி மாற்றம் ஒரு பொருட்டே இல்லை.

நடுவிலும் இது கைவிடுவதில்லை. 1834-இல் ரிட்டர்ன் லாஸ் 17 டெசிபெல், ஐசொலேஷன் 18 டெசிபெல். இரண்டு அலைவரிசைக்கும் இடைப்பட்ட பகுதியில் மிக மோசமான இடமே அதுதான், ஆகவே எல்1 அதைவிட நன்றாகத்தான் இருக்கும். ஆர்-எல்-சி வழியின் 5 டெசிபெலோடு ஒப்பிட்டால் எதைத் தேர்வது என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

ரெசிஸ்டர் மதிப்பைப் பற்றி. ஜங்ஷன் பக்கம் பார்ட்ஸ் கடையில் போய், "அண்ணாச்சி, 191 ஓம் எஸ்எம்டி இருக்கா?" என்று கேட்டால், "200 இருக்கு, 180 இருக்கு தம்பி, நடுவுல கிடையாது" என்பார். கவலை வேண்டாம். 200 ஓமும் 120 ஓமும் போட்டுக் கணக்கிட்டேன். இரண்டு அலைவரிசையிலும் ஐசொலேஷன் 42 டெசிபெல் வருகிறது. போர்டின் மற்ற குறைகளெல்லாம் அதற்கு முன்பே வந்து நின்றுவிடும். ஒரு சதவீத ரெசிஸ்டர் சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ ஆன்லைனிலோ வாங்கினால் 191, 115 என்றே கிடைக்கும், ஆனால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

போர்டு எது என்பதும் இதோடு சேர்ந்த முடிவுதான். 1.6 மி.மீ. எஃப்.ஆர்.4-இல் (வழக்கமான கண்ணாடியிழை போர்டு) மின்கடவு மாறிலி 4.4 என்று கொண்டால் 63.8 ஓம் லைன் 2 மி.மீ. அகலம், 78.4 ஓம் லைன் 1.3 மி.மீ. ஒவ்வொரு துண்டும் சுமார் 23 மி.மீ. நீளம். ஒரு கைக்கு 46 மி.மீ. ஆகிறது, மின்கடவு இழப்பு எஸ் அலைவரிசையில் மூன்றில் ஒரு டெசிபெல். ஆக்டிவ் ஆன்டெனாவுக்குப் பின்னால் இது ஒன்றுமே இல்லை. எஃப்.ஆர்.4-இன் உண்மையான சங்கடம் அந்த 4.4 என்ற எண் நம்பகமில்லாதது. 4.2 ஆகவும் இருக்கும், 4.6 ஆகவும் இருக்கும், யாரும் உறுதி தரமாட்டார்கள். அதனால் அதிர்வெண் இரண்டு சதவீதம் நகர்ந்தால் எஸ் பக்கம் 50 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். நேவிக்கின் எஸ் அலைவரிசையே மொத்தம் பதினாறரை மெகாஹெர்ட்ஸ் அகலம்தான். ஸ்டப் வழியிலும் ஆர்-எல்-சி வழியிலும் இந்த நகர்வு வலிக்கும். இரண்டு ரெசிஸ்டர் வழி சத்தமில்லாமல் தாங்கிக்கொள்ளும். ஸ்டப் வழிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் மாறிலி துல்லியமான ரோஜர்ஸ் போர்டு வாங்கட்டும். மற்றவர்கள் அந்தக் காசில் நல்ல எஸ்எம்ஏ கனெக்டர் வாங்கலாம்.

வரையும்போது ஒரு தொந்தரவு உண்டு, அதை மறைக்கக் கூடாது. ரெசிஸ்டர் நடுவிலும் இருப்பதால் இரு கைகளும் இரண்டு இடத்தில் நெருங்கி வர வேண்டும். உள்ளீட்டிலிருந்து விரிந்து, நடுவில் கூடி, மறுபடி விரிந்து, வெளியீட்டில் கூடும். நெருங்கும் இடம் 0805 ரெசிஸ்டரின் நீளத்துக்கு மேல் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கைகளுக்குள் கப்ளிங் ஏற்பட்டு இம்பீடன்ஸ் மாறும். வளைவுகளை வட்டமாகப் போட்டால் போதும்.

டிசி விஷயத்தில் இந்த அமைப்பு தானாகவே மூன்று முனைகளையும் இணைத்துவிடுகிறது. அதுவே ஆபத்தும்கூட, இரண்டு ரிசீவரும் ஒரே நேரத்தில் மின்சாரம் அனுப்பினால் ஒன்றோடொன்று மோதும். ஒரு வெளியீட்டில் மட்டும் 100 பிகோஃபாரட் கெபாசிட்டரைத் தொடராக வையுங்கள். எல்5-இல் அதன் ரியாக்டன்ஸ் 1.4 ஓமுக்கும் குறைவு. எந்த முனை டிசி அனுப்பும் முனை என்று பெட்டியின் மேல் பெயின்ட்டில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று: இரட்டை அலைவரிசை டிவைடர் என்றதும் அது மற்றதையெல்லாம் வடிகட்டிவிடும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். செய்யாது. எஸ் அலைவரிசை 2483.5-இல் தொடங்குகிறது, வைஃபை முடிவதும் அங்கேதான். ஹாஸ்டல் வைஃபை ரௌட்டர் பக்கத்திலிருந்தால் அந்தச் சத்தம் அப்படியே இரண்டு ரிசீவருக்கும் சமமாகப் பங்கிடப்படும். அதற்கு ஆன்டெனா பக்கம் தனி ஃபில்டர்தான் வழி.

சோதிக்க நேனோவிஎன்ஏ என்ற சின்ன அளவீட்டுக் கருவி போதும், ஆனால் எது என்று பார்த்து வாங்க வேண்டும். மலிவான ஹெச் வகை 1.5 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், எஸ் பக்கத்தையே பார்க்க முடியாது. 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் வி2 வகை வேண்டும். அளக்காத மூன்றாவது முனையில் நல்ல 50 ஓம் டெர்மினேஷன் மாட்டாமல் ஐசொலேஷன் அளந்து என்னிடம் கொண்டுவராதீர்கள்.

எப்போது என் முடிவு மாறும்? எல்லாம் அந்த அதிர்வெண் விகிதத்தைப் பொறுத்தது. விகிதம் கூடக் கூட நடு ரெசிஸ்டரின் மதிப்பு ஏறிக்கொண்டே போய், சரியாக மூன்று ஆகும்போது முடிவிலியாகிவிடும். அப்போது இரண்டு துண்டும் 70.7 ஓம், வெளியீட்டு ரெசிஸ்டர் 100 ஓம். அதாவது 1960-இன் சாதாரண வில்கின்சனே மிச்சம். கால் அலை, முக்கால் அலை இரண்டிலும் அது ஒரேபோல வேலை செய்யும். ஹாம் ரேடியோக்காரர்களுக்கு இது லாட்டரி. 145 மெகாஹெர்ட்ஸுக்குச் செய்த டிவைடர் 435-க்கும் அப்படியே பொருந்தும், இரண்டுமே இந்தியாவில் ஹாம்களுக்கு அனுமதிக்கப்பட்ட பட்டைகளுக்குள் வருபவை. மைக்ரோஸ்ட்ரிப்கூட வேண்டாம், 75 ஓம் ஆர்.ஜி.59 கேபிளில் 34 சென்டிமீட்டர் வீதம் இரண்டு துண்டு வெட்டினால் கை தயார்.

விகிதம் மூன்றைத் தாண்டினால் நடு ரெசிஸ்டருக்கு மெய்யான விடை கிடையாது. அங்கே மான்சோன் துண்டுகளோடு ஆர்-எல்-சியை, அதுவும் இணையாக இல்லாமல் தொடராக, வைத்துப் போராட வேண்டும், அல்லது ஸ்டப் வழிக்குப் போக வேண்டும். நம் நேவிக் வேலைக்கு விகிதம் 2.118, எல்1, எல்5 மட்டும் என்றால் 1.34. இரண்டுக்குமே இரண்டு ரெசிஸ்டர், ஒரு எஃப்.ஆர்.4 துண்டு, மூன்று கனெக்டர்.